முப்பத்திரண்டு

நசுங்கிப்போன நிசான் பேட்ரோல் ஒன்றின்
பின்பக்கத்திலிருந்து கழற்றியது, பன்னிரண்டு அங்குல வூஃபர்.
கூம்பில் ஒரு கீறல் இல்லை.
நாற்பது திர்ஹம் சொன்னான், முப்பத்தைந்துக்குத் தந்தான்.
ஓட்டி வந்தவனுக்கு என்னவாயிற்று என்று
யார்டுக்காரனிடம் நான் கேட்கவில்லை.

பாலுக்கு லிட்டர் தெரியும், டீசலுக்குத் தெரியும்.
காற்றுக்கு லிட்டர் போட்டது
ஷார்ஜா சஜாவுக்கு வந்த பிறகுதான்.
அறுபது லிட்டர் வேண்டும் என்றது கணக்கு.
காந்தம் அடைக்கும் இடம், குழாய் அடைக்கும் இடம்,
குறுக்குச் சட்டம் எல்லாம் சேர்த்து அறுபத்தெட்டு.
ஏசி வந்த அட்டையில் எழுதினேன்:
உள்ளளவு நாற்பது, நாற்பது, நாற்பத்திரண்டரை.
அந்தக் காற்றுக்காக என் சூட்கேஸ்
கட்டிலடியை விட்டு வராந்தாவுக்குப் போனது.

ஜாய்னரியில் அலமாரிக்கு அறுத்த மிச்சம்,
பதினெட்டு மில்லி எம்டிஎஃப்.
வெள்ளிக்கிழமை மெஷினை ஓட்டி
பிரான்மலை வெட்டிக் கொடுத்தான்.
"கோணம் தப்பினா என் பேரை மாத்திக்கிறேன்."
ஒரு கோணம் தப்பியிருந்தது.
அந்த மூலை மட்டும் ஒரு குப்பி சிலிக்கானைக் குடித்தது.
கசிவு பார்க்க
ஊதுபத்தி கொளுத்தி ஓரமெல்லாம் காட்டினேன்.
மேல்கட்டிலில் தில்பகதூர்
எழுந்து உட்கார்ந்து கும்பிட்டான்.

குளியலறைக் கழிவுக்குப் போடும் நாலங்குலக் குழாய்
முப்பத்தாறு சென்டிமீட்டர்.
நீளம் கூடினால் சுருதி இறங்கும், குறைந்தால் ஏறும்.
நீளமாகத் தொடங்க வேண்டும்,
வெட்டியதைத் திரும்ப வளர்க்க முடியாது.

பெட்டியை மல்லாத்தி, கூம்பில் நாலு அரிசி போட்டு
போனிலிருந்து ஒற்றைச் சுரத்தை விட்டேன்.
நாற்பதில் துள்ளியது.
முப்பத்தைந்தில் துள்ளியது.
முப்பது ஹெர்ட்ஸில் அப்படியே உட்கார்ந்தது.
அவ்வளவு ஆழம் வேண்டாம்.
ரெண்டு சென்டி அறுத்தேன். அரிசி.
இன்னும் ரெண்டு. அரிசி.
கடைசியாக ஒன்று.
முப்பத்திரண்டில் நின்றது அரிசி, நாலும்,
சோற்றுக்கு ஊறவைத்தது போல.

சரியான சுருதியில் கூம்பு அசையாது என்றேன்,
சத்தம் முழுக்க ஓட்டையிலிருந்து வரும்.
"எங்க ஃபோர்மேன் மாதிரி" என்றான் பிரான்மலை.

பாட்டு எடுபடவில்லை.
ஜன்னல் ஏசியின் உறுமலில் பாதி கரைந்தது,
மீதியில் இரும்புக் கட்டில்கள் கடகடத்தன.
நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த சேவுகன்
தலையணைக்கடியிலிருந்து ஒரு வார்த்தை சொன்னான்,
அதை இங்கே எழுதுவதற்கில்லை.
அதற்கப்புறம் ஆறு வாரம்
பெட்டியின் மேல் துணி மடித்தோம்.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி டிரான்ஸ்ஃபார்மர் போயிற்று.
எட்டுப் பேர். சுவர் சுட்டது.
ஏசி நின்றபின்
இந்த அறைக்கு இப்படி ஒரு மௌனம் இருப்பதே
அன்றுதான் தெரிந்தது.
ஆம்ப்ளிஃபயர் ஓடுவது கார் பேட்டரியில்.
சும்மா போட்டுப் பார்த்தேன், மெதுவாக.
இருட்டில் தண்ணீர் பாட்டிலைத் தேடிய சேவுகனின் கை
குழாய்க்கு நேரே வந்து நின்றது.
"டேய், காத்து வருது."
அப்புறம்,
"பாட்டை நிறுத்து. அந்த முப்பத்திரண்டைப் போடு."

போட்டேன்.
காதுக்கு ஒன்றுமில்லை, ஒரு அழுத்தம் மட்டும்.
ஆளுக்கு ரெண்டு நிமிடம் என்று
தில்பகதூர் போனில் மணி பார்த்தான்.
பனியனைத் தூக்கி வயிற்றைக் காட்டினான் ஒருவன்.
முகத்தைக் கொடுத்துக் கண்ணை மூடினான் சேவுகன்,
ரெண்டு நிமிடம் முடிந்தும் நகரவில்லை,
யாரும் தள்ளவுமில்லை.

புதுக்காற்று இல்லை அது.
எங்கள் எட்டுப் பேரின் வியர்வைக் காற்றுதான்,
உள்ளே போய் உள்ளே போய் வந்தது.

குழாயின் வாய்விளிம்பை நான் உருட்டவில்லை.
அதனால் புஸ்புஸ்ஸென்று இரைந்தது.
நாளைக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும்
என்று நினைத்துக்கொண்டே
என் முறைக்கு நின்றிருந்தேன்,
ஆறாவது ஆளாக.